எலும்பக்காவுக்கு வந்த குமட்டல்

இருபத்திரண்டு வருஷமாக எலும்பு கழுவுகிறவளுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டாது என்றுதான் அருங்காட்சியகத்தில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். எலும்பக்கா என்றே கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ரத்தத் துணி அலசியவள். இங்கே பின்பக்கத்து அறையில் முகமூடியும் இரட்டைக் கையுறையும் போட்டுக்கொண்டு, ஆதிகாலத்துப் புதைகுழிகளில் கிடைத்த எலும்புகளிலிருந்து மண்ணைத் தூரிகையால் நீக்குவாள். காதுக்குள் இருக்கும் கெட்டி எலும்பைத் துளைத்து ஒரு சிட்டிகை மாவு எடுத்துக் கொடுத்தால், யாருக்கு யார் என்ன உறவு என்று மேல்மாடி ஆய்வுக்கூடத்தில் சொல்லிவிடுவார்கள். அவள் எச்சில் ஒரு துளி பட்டால் போச்சு. ஐயாயிரம் வருஷத்துக் கிழவன் அவளுக்குத் தம்பியாகிவிடுவான்.

இந்தப் பெருமையை அண்ணன் காதுபட அளந்ததுதான் அவள் செய்த பிழை.

அம்மா போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் பெருமை அளந்த மறுவாரமே அண்ணன் அவள் வேலைசெய்யும் இடத்துக்கு வந்துவிட்டார். சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் அவளைத் தள்ளிக்கொண்டு போய், சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே பல் துலக்கும் பிரஷ். இன்னும் ஈரம் காயவில்லை. மயிரிடுக்கில் பேஸ்ட் நுரை.

“என்னண்ணா இது?”

“சின்னவளோடது. காலையில அந்தப் பக்கமா போனேன், எடுத்துட்டு வந்துட்டேன். மேல குடுத்துப் பார்த்துடு.”

வயிற்றைப் புரட்டியது அவளுக்கு.

சின்னவளை மூன்று மாதக் குழந்தையாகத் துண்டில் சுற்றி அப்பா கொண்டுவந்தார். யார் பிள்ளை என்று அம்மா கடைசிவரை வாய் திறக்கவில்லை. அந்தச் சின்னவள்தான் ஒன்பது வருஷம் படுக்கையில் கிடந்த அம்மாவுக்கு மலம் அள்ளினாள். அண்ணன் வருஷத்துக்கு இரண்டு தரம் பழப்பையோடு வந்து, மூக்கில் கைக்குட்டையோடு நிலைப்படியிலேயே நிற்பார். இப்போது அம்மாவின் கல்லறைக் கல்லில் பிள்ளைகள் பெயர் வெட்ட வேண்டும். கல்லுக்கடையில் அண்ணன் கொடுத்த தாளில் இரண்டே பெயர், அவருடையதும் இவளுடையதும்.

“என் பேரு எங்கேண்ணான்னு சின்னவ மூஞ்சிக்கு நேரா கேக்குறா. ரிப்போர்ட் கையில இருந்தா வாயைத் திறப்பாளா?”

“போன மாசம் ஒரு குழி திறந்தாங்க,” என்றாள் எலும்பக்கா. “ஒரு அம்மா, ரெண்டு மகனுங்க, ஆறு வயசுல ஒரு பொண்ணு. மகனுங்க ரெண்டு பேரும் பெத்த பிள்ளைங்க. அந்தப் பொண்ணுக்கும் மத்த மூணு பேருக்கும் சொட்டு ரத்த உறவு கிடையாது. ஆனா அம்மா கை மேல தலை வெச்சுப் படுத்திருக்கறது அதுதான். மகனுங்க கால்மாட்டுல.”

“அதெல்லாம் காட்டுமிராண்டிங்க காலம்மா.”

“ஆமா. நமக்குத்தான் நாகரிகம் முத்திப்போச்சு.”

அண்ணன் பையை மறுபடி நீட்டினார். அதை வாங்கிக்கொண்டாள். ஒரு கணம், ஒரே கணம், அவளுக்கும் தெரிந்துகொள்ளத் தோன்றியது. அண்ணன்மேல் வந்த குமட்டலைவிட இது மோசமாக இருந்தது.

“இது மட்டும் போதாது. ஒத்துப் பார்க்க நம்ம எச்சிலும் வேணும். வாயைத் திற, பஞ்சு எடுத்துட்டு வரேன்.”

“எனக்கு எதுக்கு?”

“உன்னையும் துண்டுல சுத்திக் கொண்டுவரலைன்னு என்ன நிச்சயம்?”

அண்ணனின் வாய் இறுக மூடிக்கொண்டது. வாசல் காவலாளி காதில் விழுந்ததோ என்று திரும்பிப் பார்த்தார். பிறகு, அவசர வேலை இருப்பதுபோல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டார்.

கழித்துப்போட்ட கையுறைகள் கிடந்த தொட்டியில் பிரஷை எறிந்துவிட்டு, கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேரே கல்லுக்கடைக்குப் போனாள்.

இரண்டு பெயரும் வெட்டி முடிந்து, கல் சுவரோரம் சாய்ந்திருந்தது. பெயர்கள் தாராளமாகக் காலை நீட்டிப் படுத்திருந்தன.

“இன்னொரு பேரு இருக்கு.”

கல்வெட்டுகிறவர் விரலால் அளந்து பார்த்தார். “அடியில பொடி எழுத்தா வேணா போடலாம்மா.”

“வேண்டாம். இதை ரெண்டையும் செதுக்கி எடுத்துட்டு, மூணையும் ஒரே அளவுல வெட்டுங்க.”

“உங்க அண்ணன் வந்து கேட்டா?”

“நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

“செதுக்கினா கல்லுல பள்ளம் விழும். பார்க்கறவங்க கண்ணுக்குத் தெரியுமேம்மா.”

“தெரியட்டும்,” என்றாள்.