வெங்காயச் சருகு தின்ற புழு

ஆய்வகத்தில் எல்லாரும் அவளைப் புழுக்கார அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிச் சாமான் கழுவ வந்தவள், பார்த்துப் பார்த்தே புழு வளர்க்கக் கற்றுக்கொண்டாள். நூல் துணுக்கைவிடச் சிறிய வெள்ளைப் புழுக்கள்; ஆயுசு மூன்று வாரம். செல்கள் துருப்பிடிக்காமல் காக்கும் ஆன்டிஆக்சிடன்ட் உள்ள சாற்றைக் கலந்து கொடுத்தால், இன்னும் சில நாள் கூடுதலாக வாழ்கின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை.

"எனக்கு நரைச்சா உனக்குத் தெரியாது. புழுவுக்குக் கிழடு தட்டினா உடனே தெரிஞ்சிடும்" என்பான் அவள் கணவன்.

இந்த முறை அவள் தட்டில் மாதுளைத் தோல் சாறு. புதிதாகச் சேர்ந்த சின்னவள் தட்டில் வெங்காயச் சருகு. சின்னவளின் மை தீட்டியது போன்ற புருவத்தைக் கண்ட நாளிலிருந்தே அக்காவுக்கு வயிறு எரிந்தது. புழுவைத் தொட்டு உயிர் பார்க்க, குச்சி நுனியில் புருவ முடி ஒன்றை ஒட்டிக்கொள்வார்கள். புதுக் குச்சிக்காக அக்கா பிடுங்கிய முடி நரைத்திருந்தது.

"என் முடி தரட்டுமாக்கா? கறுப்பா, பளிச்சுனு தெரியும்."

"உன் முடி உன்கிட்டயே இருக்கட்டும்."

மாதுளைப் புழுக்கள் எல்லாம் செத்துவிட்டன. வெங்காயத்தில் ஒன்று பாக்கி. தன் புழுவைச் செத்ததாகச் சொல்ல யாருக்கும் மனசு வராது. அதனால் ஒருத்தி தட்டை மற்றவள்தான் தொட்டுப் பார்ப்பாள்.

"குப்பைக்குப் போற சருகு! அதுக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று முணுமுணுத்தபடி அக்கா நுண்ணோக்கியில் குனிந்தாள். வாலைத் தொட்டாள். அசையவில்லை. செத்தது என்று சொல்லுமுன் தலையையும் தொட வேண்டும். தொடவில்லை.

"போயிடுச்சு."

சின்னவள் முகம் வாடியது. "சரிக்கா. நீங்க சொன்னா அதுக்கு மேல பார்க்க என்ன இருக்கு?" என்று பேனாவைத் திறந்தாள்.

அந்தச் சொல் அக்காவுக்கு முள்ளாகத் தைத்தது. இத்தனை வருஷத்தில் அவள் சொன்ன சாவு ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. அவளிடம் இருந்த பெருமை அது ஒன்றுதான்.

"இரு, எழுதாதே."

மறுபடி குனிந்தாள். நரைமுடி தலையில் பட்டதும் புழு சோம்பல் முறிப்பதுபோல நெளிந்தது.

"இருக்குடி. தலையை ஆட்டுது. உன்னை மாதிரியே திமிரு."

மறுநாள் பையைக்கூட வைக்காமல் கேட்டாள்: "செத்துச்சா?"

"நீங்கதானேக்கா பார்த்துச் சொல்லணும்?"

"கட்டையில போறது" என்று குச்சியை எடுத்தவள், முதலில் தலையைத்தான் தொட்டாள்.