மூச்சு நிக்குமுன்ன வச்ச ஃபிளெக்ஸ்

ரசலையன் சார் செத்தது ஞாயித்துக்கிழமை. கண்ணீர் அஞ்சலின்னு அவரு படத்தைப் போட்ட ஃபிளெக்ஸ் காலேஜ் முக்குல ஏறினது வெள்ளிக்கிழமை. வச்சது எதிரி இல்ல. பாஸ்கட்பால் கேலரியில இருந்து கூவிக் கூவித் தொண்டை கெட்ட அவரு ஆளுகதான். அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் பக்கீர் முகம்மது, கோட்டாத்துல வத்தல் மொத்த வியாபாரம்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியில டாக்டர், "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்க"ன்னு சொல்லியிருக்காரு. அது வாய் மாறி வாய் மாறி கோலப்பன் காதுக்கு வந்துது. கோலப்பன் ரிட்டயர்டான பேங்க் ஆளு, கேலரியில பக்கீருக்குப் பக்கத்துல இருக்கவரு. உடனே வாட்ஸ்அப் குரூப்புல "சார் போயிட்டாரு"ன்னு போட்டுட்டாரு. நம்ம ஊருல சாவுன்னா யாரு ஃபிளெக்ஸ் முதல்லன்னு ஒரு போட்டி உண்டும். காலேஜுக்காரன் முந்தினா அவன் பேரு பெருசா இருக்கும், சார் படம் ஒரு மூலையில கிடக்கும். அந்த வயித்தெரிச்சல்ல பக்கீர் அன்னைக்கே அடிச்சு ஏத்திட்டாரு. ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுக் கேக்கத் தோணல.

துணி மாத்த ஆட்டோவில வீட்டுக்கு வந்த சத்தியபாய், சாரோட வீட்டுக்காரி, அதைப் பாத்தாவ. மறைவுன்னு தேதியும் இருந்துது. ஆட்டோவைத் திருப்பச் சொல்லி, உடுத்த துணியோடயே ஆஸ்பத்திரிக்கு ஓடினாவ, புருஷன் நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாக்க.

காலேஜ் மேல பக்கீருக்கு இருந்த கோவம் பொய்யில்ல. சார் மார்த்தாண்டம் பக்கத்துல ரப்பர் பால் வெட்டுத குடும்பத்துப் பிள்ளை. முப்பது வருசத்துக்கு மேல பாஸ்கட்பால் கோச், கடைசி வரைக்கும் தற்காலிகம். கோடை லீவுக்கு நிறுத்துவான், காலேஜ் திறந்தா திரும்ப எடுப்பான். கப்பு முதல்வர் கையில இருக்கும், சார் போட்டோவுல ஓரத்துல நிப்பாரு. சிமெண்டுக் கோர்ட்டுல கிடக்க மழைவெள்ளத்தை விடியக்காலம் அவரேதான் தூத்துத் தள்ளுவாரு. மேட்சுக்கு முன்ன பயக்க எல்லாம் கை நீட்டணும். நகம் வளந்திருந்தா பாக்கெட்டுல இருந்து நகவெட்டியை எடுத்து அவரே வெட்டி விடுவாரு. அடுத்தவன் கண்ணுல கீறிரப்பிடாதுல்லா.

கேலரியையும் விடமாட்டாரு. எதிர் டீம் பையன் ஃப்ரீ த்ரோ போடும்போது பக்கீர் ஊளையிட்டா, ஆட்டத்தை விட்டுட்டுத் திரும்புவாரு. "ஓய் வத்தல், வாயப் பொத்தும். அவனையும் ஒருத்தி பெத்ததாக்கும்." வத்தல்ங்குத பேரு அப்படி நிலைச்சுது. பக்கீருக்கு அதுல பெருமைதான்.

திங்கக்கிழமை அடக்கம். கேலரிக்காரங்களுக்கு ஒரே ஆசை, பெட்டியைத் தங்களோட தோளுல ஏத்தி, கோர்ட்டைச் சுத்திக் கொண்டுவந்து, அப்புறம் சர்ச்சுக்கு விடணும். முதல்வர்கிட்ட சண்டை போட்டு கேட்டைத் திறக்க வச்சாச்சு. இனி சத்தியபாய் சம்மதிக்கணும்.

"நீரு போய் கேளும்" கோலப்பன் சொன்னாரு.

"மெசேஜ் போட்டது நீருல்லா?"

"மெசேஜை அழிச்சாச்சு. ஃபிளெக்ஸை ஊரே பாத்துட்டுல்லா வேய்."

பக்கீர் போனாரு. சத்தியபாய் பெட்டிக்குப் பக்கத்துல இருந்தாவ.

"அக்கா, செஞ்சது பெரிய தப்பு. செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிடுதேன். பெட்டியை மட்டும் நாங்க எடுக்கோம்."

"பக்கீரு, ஹாஸ்டல் பிள்ளேளுக்குத் தெனமும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்துதே, தெரியுமா?"

"தெரியும்கா. நாங்களும் தின்னுருக்கோம்."

"யாரு அவிச்சான்னு கேட்டியளா?"

பக்கீர் தோளுல கிடந்த துண்டை எடுத்துக் கையில பிடிச்சாரு.

"மாசக்கணக்குல ஆஸ்பத்திரியில கிடந்தாரு. கதவு திறந்தா கேலரிப் பயக்களான்னு பாப்பாரு. ஒருத்தன் எட்டிப் பாக்கல. செத்துட்டாருன்னதும் ரோட்டுல கம்பு நட்டுட்டு வந்துட்டியோ."

"அந்தக் கோலத்துல சாரைப் பாக்க மனசு வரலக்கா."

"எனக்கு மட்டும் வந்துதா? காலேஜுக்காரன் சீசனுக்கு வச்சிருந்தான். நீங்களும் சீசனுக்குத்தான் வச்சிருந்தியோ." சேலைத் தலைப்பால மூஞ்சியைத் தொடச்சாவ. "கல்லறைக்கு வராதியோன்னு சொல்லல. பெட்டியில எவனும் கை வைக்கப்பிடாது."

மத்தியானம் பெட்டி ஏத்தின வண்டி காலேஜ் முக்கைத் தாண்டிச்சு. காலேஜ் கேட் திறந்து கிடந்துது. கேலரி ஆளுக ரெண்டு பக்கமும் நின்னாவ. வண்டி வேகத்தைக் குறைக்கல.

கல்லறையில மண்ணு போட வரிசை நின்னுது. பக்கீர் முறை வந்துது. குனிஞ்சு ஒரு பிடி அள்ளினாரு. சத்தியபாய் அவரைப் பாக்காம அந்தப் பக்கமாத் திரும்பி நின்னாவ. பக்கீர் அள்ளின மண்ணை அள்ளின இடத்துலயே போட்டுட்டு விலகினாரு. பின்னால நின்ன கோலப்பன் குனியவே இல்ல.

அதுக்கும் பின்னால நின்ன முதல்வர் வந்து, ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டுட்டுக் கையைத் தட்டிக்கிட்டாரு.