என்னை அறியாத வண்டி

என் மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளிலிருந்து, எங்கள் கார் என்னை அடையாளம் காண மறுத்தது. முத்தாபுதுப்பேட்டை வீட்டு வாசலில் சாவியைத் திருகுவேன். எஞ்சின் ஒரு முறை மூச்சுவிட்டு அடங்கிவிடும். மீட்டர்களுக்கு நடுவே, சாவி வடிவச் சிவப்பு விளக்கு துடிக்கும். என் மகன் கையில் கொடுத்தால் முதல் திருகலிலேயே கிளம்பும். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் முயன்றபோதும் அவ்வாறே. மறுபடி நான் அமர்ந்தால், அதே துடிப்பு.

பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் முப்பதாண்டுகள் இயந்திரங்களை மேற்பார்வையிட்டவன் நான். காரணமின்றி எதுவும் பழுதாகாது என்று பிறருக்குச் சொல்லி வந்தவன். ஆயினும் உச்சி வெயிலில், கண்ணாடிகள் ஏற்றிய அந்தக் காருக்குள் எனக்கு உடல் சில்லிட்டது. அந்த விளக்கு, என்னை அறிந்தே மறுக்கும் ஒருவரின் கண்ணைப் போலிருந்தது.

மகன் ஒளிக்காமல் கேட்டான். “எல்லாருக்கும் ஸ்டார்ட் ஆகுது, உங்களுக்கு மட்டும் ஆகல. சாவி போடறதே மறந்துபோச்சாப்பா? ஞாயித்துக்கிழமை வண்டிய காட்டுப்பாக்கத்துக்கு, எங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடறேன்.”

மருமகள் காதிலும் அது விழுந்தது. வண்டி போவதைக்கூடப் பொறுப்பேன். நினைவு தவறியவன் என்ற பெயரைப் பொறுக்க இயலாது.

சனிக்கிழமை காலை, கார் மின்வேலை செய்யும் ஒருவரை வரவழைத்தேன். அவர் சாவியை வாங்கித் திருகினார். எஞ்சின் உறுமியது.

“சும்மா கும்முனு கீது சார். நீங்க போடுங்க.”

போட்டேன். அடங்கியது.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. “இன்னா சார் இது? வண்டிக்கு உங்க மேல எதுனா கோவமா?” சற்று யோசித்தார். “என்கிட்ட குடுக்கறப்ப எத்தையோ கழட்டி பாக்கெட்ல போட்டீங்க. திரும்ப வாங்கிக் கோத்துக்கினீங்க. அது இன்னா?”

வேறு வழியின்றிக் காட்டினேன். அதே காரின் இன்னொரு சாவி. மனைவியுடையது. கடைசி ஆயுத பூஜையில் அவள் கட்டிய மஞ்சள் நூல் அதில் இருந்தது. காரியம் முடிந்த அன்று, அந்நூல் வளையத்தில் என் சாவியையும் கோத்துக்கொண்டேன். பெண்டாட்டி நூலைச் சுமந்து திரியும் கிழவன் என்று எவரும் பேசலாகாது என்பதால், பிறரிடம் கொடுக்குமுன் என் சாவியை மட்டும் உருவிக்கொண்டு அவளுடையதை மறைத்துவிடுவேன்.

“ரெண்டு சாவி தலையிலயும் சிப்பு கீது சார். அத்தை வச்சுதான் வண்டி சாவிய அடையாளம் கண்டுக்கும். ஒட்டிக்கினு நின்னு ரெண்டும் ஒரே நேரத்துல பேசுனா வண்டிக்கு ஒண்ணும் புரியாது. பிரிச்சுப் போடுங்க.”

பிரித்தேன், ஓடியது. சேர்த்தேன், விளக்கு துடித்தது. மூன்று முறை அப்படிச் சோதித்தேன். காரணம் தெளிவாயிற்று. முதுகில் ஏறிய குளிர் மட்டும் இறங்கவில்லை.

“ஒயரு லூசுன்னு உங்க புள்ளைக்கு சொல்லிடட்டா சார்?” என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். என் முகத்தைப் படித்திருக்க வேண்டும். வேண்டாம் என்றேன்.

ஞாயிறன்று மகனிடம் உள்ளதைச் சொன்னேன். இரண்டு சாவிகளையும் மேசைமீது வைத்தேன். அவன் அந்த மஞ்சள் நூலை நெடுநேரம் பார்த்தான்.

“வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும்ப்பா. அம்மா சாவி என்கிட்ட இருக்கட்டும்.”

என்னால் மறுக்க முடியவில்லை. மறுநாள் கார் ஒரே திருகலில் கிளம்பியது. எங்கும் போகாமல், அந்த ஓசையைக் கேட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.