ஹர்த்தால் நாளில் போட்ட கையெழுத்து

காலையில் பக்கத்து வீட்டுக்காரரோடு சாக்கடைத் தகராறில் குரலை உயர்த்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ரஹ்மத் மேடத்தின் அண்ணன் காதர் பாய். "தங்கராசுங்களா? ரஹ்மத்து மவுத்தாயிட்டாளுங்க. தொழுதுட்டு எந்திரிச்சவ, அப்படியே சுவத்துல சாஞ்சுட்டா. உசுரு போயிருச்சுங்க" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்விட்டேன். முப்பது வருடத்தில் முதல் முறையாக ஒரு சண்டையைப் பாதியில் விட்டேன்.

டாக்டர் ரஹ்மத்துன்னிசா பாலக்காட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாக இருந்தார். மனச்சோர்வுக்கும் குடிக்கும் என்ன தொடர்பு என்பதை எலிகளை வைத்து ஆராய்ந்தவர். நான் அதே நிலையத்தில் அனிமல் ஹவுஸ் பொறுப்பாளன். எலிகளுக்குத் தீனி, தண்ணீர், சுத்தம், பதிவேடு எல்லாம் என் வேலை. அவரைவிட நான் ஆறு வயது மூத்தவன் என்பதால் கடைசிவரை என்னை அண்ணா என்றே அழைத்தார்.

வேலந்தாவளம் மாட்டுச்சந்தைக்குப் பக்கத்தில் அவருடைய அத்தாவுக்குக் கயிற்றுக்கடை. மகள் செய்யும் வேலை ஊருக்குத் தெரிந்ததும் சந்தைக்கு வந்தவர் ஒருவர், "ஏனுங்க ராவுத்தரே, உங்க பொண்ணு எலிக்குச் சாராயம் ஊத்திக் குடுக்குதாமா?" என்று கேட்டாராம். "ஊத்துறதுதானுங்க எம் பொண்ணு, குடிக்கிறது எலி. நம்மூட்ல யாரும் குடிக்கிறதில்லீங்க" என்று அத்தா சொன்னாராம். இதை மேடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு ஆரம்பத்தில் இந்த ஆராய்ச்சியே பிடிக்கவில்லை. இடுக்கியில் தேயிலை எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவன் நான். அப்பா குடித்தே செத்தார். "இதுக்கு எலி எதுக்கு மேடம்? எங்க லயத்துல ஒரு ஞாயித்துக்கெழம வந்து உக்காருங்க, எல்லாம் வெளங்கிரும்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "உங்க லயத்துல ஒருத்தர ஏன் குடிச்சீங்கன்னு கேட்டா நூறு காரணம் சொல்லுவாருங்க அண்ணா. எலிக்குச் சாக்குச் சொல்லத் தெரியாது" என்றார்.

அவர் வேலை செய்யும் முறை எனக்கு முதலில் எரிச்சலூட்டியது. சில வாரங்கள் எலியின் கூண்டைச் சாய்த்து வைப்போம், படுக்கையை நனைத்து வைப்போம். இப்படிச் சின்னச் சின்னத் தொல்லைகள். அதன் பிறகு சில எலிகள் சர்க்கரைத் தண்ணீரைக்கூடச் சீண்டாது. பதிவேட்டில் நான் 'எலி சோகமாக உள்ளது' என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிடுவார். "அது சோகமா இருக்குதுன்னு உங்ககிட்டச் சொல்லுச்சுங்களா? சர்க்கரைத் தண்ணிய விட்டுருச்சு. அத மட்டும் எழுதுங்க." பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே. அவருக்கு அதுதான் வேதம்.

அப்படிச் சோர்ந்த எலி குடியை நாடுமா என்பது அவருடைய கேள்வி. கூண்டில் இரண்டு பாட்டில் தொங்கும். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் மது கலந்த தண்ணீர். எலிக்கு ஒரு பக்கம் பழகிவிட்டால் அங்கேயே போய் நிற்கும். அதனால் தினமும் பாட்டில்களை இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் எலி மதுவைத் தேடுகிறதா, பழகிய பக்கத்தைத் தேடுகிறதா என்று சொல்லவே முடியாது. மாற்றியதும் பதிவேட்டில் கையெழுத்து. அந்தப் பொறுப்பு என்னுடையது.

இப்போது எழுதப்போவதை ஒன்பது வருடமாக, மேடத்தைத் தவிர யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அந்தச் சோதனை நடந்தபோது என் தம்பி பாண்டி எங்கள் இடுக்கிப் பக்கம் கம்பம்மெட்டில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். குடித்துவிட்டு வேலைக்கு வராமல் கிடக்கிறான் என்று சனிக்கிழமைதோறும் தகவல் வரும். தம்பி குடிகாரன் என்று நிலையத்தில் தெரிவதில் எனக்கு வெட்கம். லீவு கேட்காமல், எலிகளுக்கு இரண்டு மூன்று நாளுக்குத் தீனியும் தண்ணீரும் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். திரும்பி வந்ததும் விட்டுப்போன நாட்களின் கட்டங்களில் 'மாற்றப்பட்டது' என்று எழுதி வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். ஒரு முறை அல்ல, நான்கு வாரம்.

சோர்ந்த எலிகள் மதுவையே அதிகம் குடிப்பதாக முடிவு வந்தது. கட்டுரை வெளியானது. நிலையத்தில் லட்டு கொடுத்தார்கள். நானும் தின்றேன்.

மறு வருடம் அதே சோதனையை மேடம் தன் கையாலேயே திரும்பச் செய்தார். முன்பு கண்ட வித்தியாசத்தில் பாதிகூட இல்லை. ஒரு நாள் பழைய பதிவேட்டோடு என் மேசைக்கு வந்து, "இந்த நாள்ல பாட்டில் மாத்துனது யாருங்க அண்ணா?" என்று கேட்டார்.

"நாந்தான். கையெழுத்துக் கெடக்குல்ல? என்மேல சந்தேகமா?" என்று எகிறினேன்.

"அன்னைக்கு ஹர்த்தாலுங்க. பஸ்ஸு ஒண்ணும் ஓடல. நீங்க வர முடியாதுன்னு காதரண்ணனோட ஸ்கூட்டர்ல நான் வந்தேன். மாத்துனது நானுங்க."

அவரை உட்காரச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதிவேட்டை மூடினார். "தம்பியப் பாக்கப் போனது தப்பில்லீங்க. ஒரு லீவு அபேக்ஷை எழுதிக் குடுத்திருந்தா நானே மாத்தியிருப்பேன். போனது தப்பில்ல, எழுதுனதுதான் தப்பு" என்றார். நான் லீவு விண்ணப்பம் எழுத வெட்கப்பட்டதன் விலை அவருடைய கட்டுரை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார். காரணமாக அவர் எழுதியது ஒரே வரி: பராமரிப்புப் பதிவுகளைச் சரிபார்க்கத் தவறியது என் பிழை. என் பெயர் எங்கும் இல்லை. "வேலை போயிருச்சுன்னா தம்பிய யாரு பாப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். வரவேண்டிய பதவி உயர்வு அவருக்கு வரவில்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். கோபக்காரன் என்று பெயரெடுத்தவனுக்கு அந்த ஒரு இடத்தில் வாய் எழவில்லை.

அடுத்த வாரம் பாண்டியை அழைத்து வரச் சொன்னார். ஏன் குடிக்கிறாய் என்று கேட்கவே இல்லை. "சாப்பாட்டுல உங்களுக்கு என்னங்க பிடிக்கும்?" என்றார்.

பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "முந்தியெல்லாம் மீன் கொழம்புன்னா உசுரு டாக்டரம்மா. இப்ப ஒண்ணும் பிடிக்கல. குடிக்கத் தொடங்குறதுக்கு முந்தியே அப்பிடித்தான்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா அண்ணா? குடிக்கு முன்னாடி வந்த நோவுங்க இது. நான் மனுசங்களுக்கு வைத்தியம் பாக்குற டாக்டரில்ல. பாக்குறவங்ககிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்." சொன்னபடி செய்தார். பாண்டி இரண்டு முறை திரும்பக் குடியில் வழுக்கி விழுந்தான். இரண்டு முறையும் அவரே போனில் பேசி மறுபடி மருத்துவரிடம் அனுப்பினார். என் தம்பியைக் 'குடிகாரப் பய' என்று சொல்வதை நான் விட்டது அதற்குப் பிறகுதான். இன்று அவன் அதே ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிறான்.

அடக்கத்துக்கு நானும் பாண்டியும் வேலந்தாவளம் போனோம். பள்ளிவாசல் வாசலில் நிலையத்தைச் சேர்ந்த ஒருவர், "நல்ல மனுஷி. அந்த ஒரு கட்டுரையிலதான் கோட்டை விட்டுட்டாங்க" என்று அனுதாபத்தோடு சொன்னார். பக்கத்தில் பாண்டி நின்றிருந்தான். அவனுக்குக்கூட நான் சொல்லியிருக்கவில்லை.

"கோட்டை விட்டது அவங்க இல்ல சார். நான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன், பதிவேடு, கையெழுத்து, நான்கு வாரம் எல்லாவற்றையும். அவர் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

மண் போட்டு முடிந்ததும் காதர் பாய் வீட்டுக்கு நடந்தோம். அடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு அவரிடமும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"யாரால கட்டுரை போச்சுன்னு ரஹ்மத்து கடைசிவரைக்கும் சொல்லலீங்க. நானும் விடாம கேட்டுப் பாத்தேன். 'அவரே ஒரு நாள் நம்ம ஊட்டுக்கு வந்து சொல்லுவாருங்கண்ணா. அன்னைக்கு அவரத் திட்டிப்போடாதீங்க, உக்கார வெச்சு ஒரு டீ குடுங்க'ன்னு மட்டும் சொன்னா." உள்ளே பார்த்து, "ரெண்டு டீ கொண்டாங்கம்மா" என்றார்.

நான் வருவேன் என்று மேடம் ஒன்பது வருடம் நம்பியிருக்கிறார். நிலையத்திலிருந்து அந்த வீடு ஒரு மணி நேர பஸ் பயணம். எந்த ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்கலாம். அந்த டீயை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை.

மேடம், உங்களை நினைத்து அழுதேன் என்று மட்டும் எழுதினால் அந்த வரியை அடித்துவிடுவீர்கள். அதனால் நடந்ததை எழுதிவிட்டேன். நீங்கள் இருக்கும்போதே நான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போய் வாருங்கள்.