பேசும் பூட்ஸ்

என் அண்ணன் அபிநந்தன் திண்டிவனத்தில், எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து செல்போன் விளையாட்டுகள் செய்கிறான். முதல் விளையாட்டில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் ஓர் எறும்பைக்கூட மிதிக்காமல் நடந்து, பொழுது சாய்வதற்குள் சாப்பிட வீடு வந்து சேர வேண்டும். நாங்கள் சமணர்கள், அப்படித்தான் வளர்ந்தோம். அதை வெளியிட்ட சென்னைக் கம்பெனி, எறும்பை மிதித்தால் பாயிண்ட் என்று மாற்றிவிட்டது. ஒப்பந்தம் போட்டுவிட்டதால் அண்ணனால் தடுக்க முடியவில்லை.

அடுத்ததைத் தனக்காகவே செய்தான். அதில் நாம்தான் எறும்பு. ஒரு பெரிய பூட்ஸ், "ஜல்தி! ஜனங்க கேக்கறதக் குடுப்பா!" என்று கத்திக்கொண்டே துரத்தும். கம்பெனி மேனேஜர் போனில் கத்துவதும் இதையேதான்.

"திருப்பிக் கடிக்க முடியாதாண்ணா?" என்று கேட்டேன்.

"நம்ம வூட்டு எறும்பு கடிக்குமா, பிராமி?" என்று சிரித்தான். பூட்ஸ் களைத்துப்போகும்வரை ஓடினால் போதும்.

அண்ணன் விளையாடக் கொடுத்த நண்பர் யாரோ காட்டியதைப் பார்த்துவிட்டு மேனேஜர் கூப்பிட்டார். "அபி, அந்த பூட்ஸ் செம காமெடிப்பா! அதையும் எங்களுக்கே குடு."

அண்ணன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"இது வூட்ல வெளையாடறதுக்கு, சார்," என்று போனை வைத்தான்.

பொழுது சாயப்போகிறது என்று சாப்பிடக் கூப்பிட்டேன். "செம காமெடிப்பா!" என்பதையும் பூட்ஸின் பேச்சில் சேர்த்துவிட்டுத்தான் இறங்கி வந்தான்.