கேட்டுல என்னைச் சோதிக்க ஆளில்ல

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில பதினோரு வருசமா கேட்டுல நிக்கிறேன். வேலைக்கு வர்ற பொம்பளைகளச் சோதிச்சு உள்ள விடுறது என் சோலி. செல்போன் வச்சிருக்காளா, கொண்டையில இரும்பு ஊசி இருக்கா, நைலக்ஸ் சேலை கட்டிட்டு வந்திருக்காளா, எல்லாம் பாக்கணும். எல்லாத்துக்கும் மேல தீப்பெட்டி. சுத்துப்பட்டி பூரா தீப்பெட்டி செய்யுற ஊருதான், ஆனா எங்க கேட்டுக்குள்ள ஒரு குச்சி போகக்கூடாது. எனக்கு வாய் ஜாஸ்தி. "கையத் தூக்கு, பொண்ணு பாக்க வந்த மாதிரி நெளியாத"ன்னு விரட்டுவேன். பயப்படுவாளுக. பயப்படணும்னுதான் அப்படிப் பேசுறது. அதுல எனக்குக் கொஞ்சம் சந்தோசமும் உண்டு, இப்ப எதுக்கு மறைக்க.

என் மக விருதுநகர்ல காலேஜுல மனசப் பத்திப் படிக்கிறா. சத்தம் போட்டுப் படிச்சாத்தான் அவளுக்கு ஏறும். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, நான் முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருக்கேன், அவ பக்கத்துல உக்காந்து படிக்கிறா. மனுசன் மனசு ஒண்ணு இல்லையாம். ஆசைப்படுறது ஒண்ணு, அதத் திட்டுறது ஒண்ணு, ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது ஒண்ணாம்.

"அப்ப நம்ம வீடுதான்"னேன்.

"எம்மா, சும்மா இரு. இதக் கேளு"ன்னுட்டு அடுத்ததப் படிச்சா. மனசுக்குள்ள பின்னால ஒரு பெரிய ரூம், முன்னால ஒரு சின்ன ரூம், நடுவாசல்ல ஒரு காவக்காரன். நம்மளால ஒத்துக்க முடியாத நினைப்பு முன்னால வரப் பாத்தா அவன் பிடிச்சுப் பின்னால தள்ளிருவானாம். நமக்கே தெரியாதாம். ஆனா தள்ளுனது சும்மா கிடக்காது, வேற வேசம் கட்டிக்கிட்டு வெளிய வரும்னு போட்டிருக்கு.

"உன் சோலிதாம்மா அவனுக்கும்"னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. கை கீரையிலேயே நின்னுபோச்சு.

"அந்தக் காவக்காரன யாருடி சோதிப்பா?"ன்னேன்.

"அதெல்லாம் சிலபஸ்ல இல்ல"ன்னா.

இனி சொல்லப்போறது நாலு வருசத்துக்கு முன்ன நடந்தது. கேட்டுக்கு வெளிய சின்னதா ஒரு காளியம்மன் கோயில் இருக்கு. காலையில அங்க சூடம் பொருத்துறது நான்தான். பொம்பளைக எல்லாம் கும்பிட்டு, துன்னூறு பூசிக்கிட்டுத்தான் சோதனைக்கு வரிசையில நிப்பாளுக. சூட வில்லையையும் தீப்பெட்டிக்குள்ளயே போட்டு வச்சிருப்பேன். பொருத்தி முடிச்சதும் பெட்டியக் கோயில் மாடத்துல வச்சிரணும். அன்னைக்கு தீபாவளி சீசன், லோடு ஏத்த வந்த லாரி கேட்ட அடைச்சுக்கிட்டு நிக்குது. அந்த அவசரத்துல பெட்டிய இடுப்புல செருகிட்டேன். நூத்தம்பது பேரு இடுப்பத் தடவிப் பாத்தேன், என் இடுப்பப் பாக்கல.

மத்தியானம் தலை எண்ண சாப்பாட்டு ஷெட்டுக்குப் போயிட்டுத் திரும்புறேன், போர்மேன் கத்துறாரு. ஷெட்டுல சோத்துக் கூடைக வரிசையா வச்சிருந்த இடத்துல, தரையில ஒரு தீப்பெட்டி. பாத்ததும் எனக்குத் தெரியும். அடுத்த நொடியே எனக்குத் தெரியாது. இத எப்படிச் சொல்லன்னு தெரியல, ஆனா அப்படித்தான் இருந்துச்சு. என்னோடதுன்னு தெரிஞ்சவ உள்ள போயிட்டா, கேட்டுக்காரி மட்டும் வெளிய நின்னா. பாஞ்சு போயி பெட்டிய எடுத்துத் தண்ணி வாளியில முக்குனேன். "அக்காவுக்கு என்னா சுதாரிப்பு"ன்னாரு போர்மேன். சுதாரிப்புதான். தொறந்து பாத்திருந்தா சூடம் மணந்திருக்கும்.

"யாரு கொண்டாந்தது?"ன்னு கேட்டாரு. பக்கத்துல இருந்தது திரி வெட்டுற ஒருத்தியோட கூடை. பிள்ளைக்குக் காய்ச்சல்னு அன்னைக்கு லேட்டா ஓடியாந்தவ. அவ கூடைய நான் கொட்டிப் பாத்துத்தான் விட்டேன். ஆனா என் வாய் என்ன சொல்லிச்சு தெரியுமா? "இவதான் லேட்டா வந்தா. கூடையப் பாக்க விடாம ஓடிட்டா." யாரும் என்னைய நெருக்கல, நானாச் சொன்னேன். அவ புருசன் பீடி குடிக்கிற ஆளுன்னும் சேத்துச் சொன்னேன்.

அவ சண்டை போட்டிருந்தா நான் என்ன ஆயிருப்பேனோ. அவ பேந்தப் பேந்த முழிச்சா. "அவுக தீப்பெட்டி கூடைக்குள்ள விழுந்திருக்குமோ என்னமோக்கா"ன்னு என்கிட்டயே கேட்டா. அன்னைக்கே அவள நிப்பாட்டிட்டாக. தீப்பெட்டியோட பிடிபட்டவன்னு பேரு வந்துட்டா, இங்க வேற எந்தக் கம்பெனியும் கேட்டுக்குள்ள விடாது.

அதுக்கப்புறம் நான் சூடம் பொருத்தப் போகல. மூட்டு வலி, குனிய முடியலன்னு சொல்லிட்டேன். பொய்யில்ல, நெசமாவே வலிச்சது. ஆசுபத்திரியில படம் எடுத்துப் பாத்துட்டு மூட்டுல ஒண்ணும் இல்லேன்னாக. டாக்டருக்கு ஒரு எளவும் தெரியலன்னு திட்டிட்டு வந்தேன். கூடையப் பாத்தா ஒரு வெறி வரும், சோத்தோட கவுத்திருவேன். அவ பேச்ச யாராவது எடுத்தா, "அவளா, அம்புட்டுப் பேரையும் சாம்பலாக்கப் பாத்தவ"ன்னு முதல் ஆளா ஆரம்பிப்பேன். நம்பித்தான் பேசுனேன். நாலு வருசம் நம்பிக்கிட்டே இருந்தேன். கீரை ஆஞ்ச அன்னைக்குத்தான் எல்லாம் ஒண்ணாக் கூடி முன்னால வந்து நின்னுச்சு. சீ, நானும் ஒரு பொம்பளையா.

மககிட்ட சொன்னேன். "அது மனசு பண்ற வேலைம்மா, எல்லாருக்கும் உள்ளதுதான்"னா. எனக்குக் கோவம் வந்திருச்சு. "யாரு மனசுடி அது? பக்கத்து வீட்டுக்காரி மனசா?"ன்னு கத்திட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை விஸ்வநத்தத்துல அவ வீட்டத் தேடிப் போனேன். இறங்குன எடத்துலயே திரும்பிப் போற பஸ்ஸுக்கு அரை மணி நேரம் நின்னேன். பஸ் வரல, அதனாலதான் நடந்தேன்னும் வச்சுக்கிடலாம்.

அவ வாசல்ல உக்காந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுத்திக்கிட்டு இருந்தா. முன்னவிட ரொம்ப மெலிஞ்சிருந்தா. என்னைப் பாத்ததும் எந்திரிச்சு, "வாங்கக்கா, என்ன இம்புட்டுத் தூரம்? சாப்பிட்டீகளா?"ன்னு மணையத் தூக்கிப் போட்டா. செவிட்டுல அறைஞ்சிருந்தாக்கூட தேவலை. அவ புருசன் உள்ள சுவரோரமா காகிதத்துக்குப் பசை தடவிக்கிட்டு இருந்தாரு. நான் யாருன்னு தெரிஞ்சதும் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

நான் உக்காரல. "அந்தத் தீப்பெட்டி என்னோடது"ன்னேன். ரெண்டு பேருக்கும் விளங்கல. "அன்னைக்கு உன்னைய நிப்பாட்டுனாகளே, அந்தத் தீப்பெட்டி. என் இடுப்புல இருந்து விழுந்தது. தெரிஞ்சேதான் உன் மேல சொன்னேன்."

அவ வாயத் தொறக்குறதுக்கு முன்ன அவரு பேசுனாரு. "இல்லக்கா. நீங்க எதுக்கு இப்படிச் சொல்லுதீகன்னு தெரியல. அது என் தீப்பெட்டிதான். மொதல்ல நானும் இல்லவே இல்லன்னு சத்தியம் பண்ணேன். இவ நம்பல. அப்புறம் யோசிச்சுப் பாக்கப் பாக்க ஞாபகம் வந்திருச்சு. பீடியப் பத்த வச்சிட்டு அவ கூடை மேலதான் வச்சேன். இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. அன்னையில இருந்து பீடியத் தொடல."

சொல்லவே கூசுது. அப்ப எனக்குள்ள ஒருத்தி பெருமூச்சு விட்டா. அவரே ஒத்துக்கிட்டாருல்ல, பேசாமக் கிளம்பு, பஸ் வந்திரும்னா. எனக்கு ரொம்பப் பழக்கமான குரல் அது. இன்னும் ஒரு நிமிசம் நின்னிருந்தா அவ பேச்சக் கேட்டிருப்பேன்.

"அதுக்குள்ள சூடம் இருந்துச்சு தம்பி"ன்னேன். "நாலு வில்லை. காளியம்மன் கோயிலுக்கு வச்சிருந்தது. வெளிய தெரிஞ்சிரக்கூடாதுன்னுதான் தண்ணியில முக்குனேன்."

அவ சுத்துன குழாயக் கீழ வச்சா. என்னையத் திட்டுவான்னு நின்னேன். திட்டிட்டா நல்லா இருக்கும்னு இருந்துச்சு. அவ என் பக்கமே திரும்பல, அவரத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. அவரு பசைக் கையோட மெதுவா எந்திரிச்சு அவகிட்ட வந்தாரு. வந்து, ஒரு சின்னப் பிள்ளை கேக்குற மாதிரி அவகிட்ட கேட்டாரு.

"அப்ப நான் வைக்கலையா?"