மணல் ஏறிய குழாயும் ஆயுத பூஜையும்

அது ஆயுத பூஜை விடுமுறை முடிந்த திங்கட்கிழமை. செவ்வாய் என்று வீட்டில் சாதிக்கிறார்கள். ஆனால் என் மனைவி டவுணில் இருக்கும் தன் அம்மாவைச் செவ்வாய்தோறும் பார்க்கப் போவாள். நடந்ததை அங்கே சொல்லிச் சிரித்தது மறுநாள்தான். ஆகவே திங்கள்.

பொறியியல் கல்லூரி ஆசிரியையான அவள், நாற்பது தாண்டிய பிறகு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடி போன்ற உயரமான பிளாஸ்டிக் குழாய் ஒன்று. அடியிலிருந்து காற்றை ஊதினால் மணல் மேலே ஏறும். உச்சியில் காற்று பிரிந்து வெளியேற, மணல் பக்கக் குழாயில் இறங்கி மறுபடி அடிக்கே வரும். சில கொதிகலன்களில் நிலக்கரியை இப்படிச் சுற்றவிட்டு எரிக்கிறார்கள். மணலைச் சலித்தது எங்கள் வீட்டு மாவுச் சல்லடையில். அந்த வருடத்து இடியாப்பத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

மணல் ஒழுங்காக ஏறாது என்பதுதான் அவள் ஆய்வு. நடுவில் விறுவிறுவென்று மேலே போகும். சுவரோரம் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து கீழே வழுக்கும்.

"தீபாவளி சமயத்துல ரதவீதி மாதிரிங்க. நடுவுல போறவன் போயிருதான். ஜவுளிக்கடை ஓரத்துல நிக்கவன் பின்னால வந்துருதான்."

"அந்த ஓரத்துல நிக்கது நீதான்."

"ஆமா, பையத் தூக்கிட்டுக் கூட நிக்கது நீங்க."

எந்த உயரத்தில் எவ்வளவு கூட்டம் என்பதைக் குழாய்ச் சுவரில் இருந்த சிறு துளைகள் சொல்லும். ஒவ்வொன்றையும் ஒரு நீர்க்குழலோடு இணைத்தால், அழுத்தத்துக்கு ஏற்பத் தண்ணீர் ஏறி இறங்கும். அன்று ஆய்வுக் குழு அதைப் பார்க்க வந்திருந்தது. காட்ட முடியாவிட்டால் குழு அடுத்து கூடும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அவளுடைய பதிவுக்காலம் முடிந்துவிடும்.

மணல் அழகாகச் சுற்றியது. தண்ணீர் மட்டும் எல்லாக் குழல்களிலும் ஒரே மட்டத்தில் நின்றது.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் முகம் சுளித்தார். சடங்குகளில் தமக்கு நம்பிக்கை இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்பவர் அவர். "அடிப்படையே தப்பா இருக்கேம்மா" என்றார்.

அவள் காற்றை நிறுத்தி, ஒரு குழலைக் கழற்றித் துளையை முகர்ந்தாள். சந்தனம். பூஜையன்று வைத்த பொட்டுகளைக் காலையில் வெளியே துடைத்திருந்தாள். உள்ளே காய்ந்து அடைத்திருந்தது தெரியவில்லை.

"யாரு இங்க சந்தனம் வச்சது?"

ஆய்வுக்கூட உதவியாளர் பதறிப்போனார். "மேடம், நான் குங்குமம் மட்டுந்தான். சந்தனம் நம்ம சார்லா வச்சாவ! ஒரு ஓட்ட விடாம, மேல உள்ளதுக்கு ஏணி போட்டு ஏறில்லா வச்சாவ!"

பேராசிரியர் ஜன்னல் வழியே வாகனம் நிறுத்துமிடத்தைக் கவனிக்கத் தொடங்கினார்.

குழுவில் வந்திருந்த வெளியூர்த் தேர்வாளர் அவரையே பார்த்தார். "அடிப்படை தப்பில்ல சார். அடைப்புதான்."

என் மனைவி சேலை ஊக்கைக் கழற்றி ஒவ்வொரு துளையாகக் குத்தினாள். உச்சித் துளைகளுக்கு அதே ஏணி. கீழே பிடித்துக்கொண்டவர் பேராசிரியர். யாரும் சொல்லவில்லை, தாமாகவே வந்தார். காற்றைத் திறந்ததும் தண்ணீர் படிப்படியாகப் பிரிந்து நின்றது: அடியில் நெரிசல், மேலே போகப் போக இடம். குழு கையெழுத்திட்டது.

அடுத்த ஆயுத பூஜைக்குள் அவள் முனைவராகிவிட்டாள். உதவியாளர் துளைகளுக்கெல்லாம் முன்கூட்டியே டேப் ஒட்டி வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தைப் பேராசிரியரிடம் நீட்டினாராம்.

"இப்ப வைங்க சார்."